தலைமடையும் கடைமடையும்: பாலித் தீவின் பாசனச் சங்கங்கள் கற்பிக்கும் பாடம்

கிராமங்களில் எழும் வழக்குகளுள் பெரும்பாலானவை நிலத்தைப் பற்றியவை என்று நாம் எண்ணுகிறோம். சற்று ஆழ்ந்து நோக்கினால், அவற்றுள் பல நீரைப் பற்றியவை என்பது விளங்கும். வரப்புத் தகராறு ஒரு நாளில் தீர்ந்துவிடும். வாய்க்கால் தகராறு தலைமுறைகளுக்குத் தொடரும். தலைமடையில் நிலம் உடையவருக்கு நீர் மிகுதி. கடைமடையில் உள்ளவருக்கு ஏக்கமே மிகுதி. இந்த ஏற்றத்தாழ்வை நீக்க வழியுண்டா என்னும் வினாவுடன், அலுவல் நிமித்தமாக நாங்கள் ஐவர் அடங்கிய ஒரு சிறு குழு இந்தோனேசியாவைச் சேர்ந்த பாலித் தீவிற்குப் பத்து நாட்கள் சென்று வந்தது. அங்குக் கண்டவற்றையும் கற்றவற்றையும் ஊராட்சி உறுப்பினர்களுக்கும் உழவர் பெருமக்களுக்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் சென்றதற்கு வேறொரு காரணமும் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஒன்றியத்தில் ஒரு கண்மாய் இருந்தது. அதன் நடு மதகிலிருந்து செல்லும் வாய்க்கால் இரண்டாகப் பிரியுமிடத்தில், பழங்காலத்தில் இட்ட பலகைக்கல் ஒன்று கிடந்தது. அதில் அகலமாக ஒன்றும் குறுகலாக ஒன்றுமாக இரு வெட்டுகள் இருந்தன. பாசி படர்ந்து, விளிம்பு உடைந்திருந்த அக்கல்லை அகற்றிவிட்டு இரும்புக் கதவுகள் அமைத்தால் நீரை நன்கு கட்டுப்படுத்தலாம் என்று பரிந்துரைத்தவர்களுள் நானும் ஒருவன். கதவுகள் அமைக்கப்பட்டன. சாவி ஒருவர் கையில் தங்கியது. இரண்டாம் ஆண்டிலேயே தலைமடையார் முந்தி நாற்றுவிட்டு, இடைவிடாது நீர் பாய்ச்சினர். கடைமடையில் ஏறத்தாழ 60 ஏக்கர் பயிர் கதிர் வாங்கும் பருவத்தில் காய்ந்தது. ஓர் இரவில் யாரோ கதவுகளைப் பிடுங்கி எறிந்தனர். வழக்கு நீதிமன்றம் சென்றது. உறவினர்கள் பேச்சை நிறுத்தினர். பிழை எங்கே நேர்ந்தது என்னும் வினா அன்று முதல் என்னை விட்டு நீங்கவில்லை. அதற்குரிய விடையைப் பாலித் தீவின் மலைச்சரிவில் கண்டேன்.

தீவும் அதன் நீரும்

நமது நாட்டிற்கும் இந்தோனேசியாவிற்கும் இடையே கடலே வேலி. பெரிய நிகோபார்த் தீவின் தென்முனையிலிருந்து சுமத்திராவின் வடகோடி 200 கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவிலேயே உள்ளது. அந்நாட்டின் பல்லாயிரம் தீவுகளுள் பாலி சிறியது. அதன் பரப்பு 6,000 சதுர கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவு. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்வோர் ஏறத்தாழ 43 இலட்சம் பேர்.

தீவின் நடுவே எரிமலைகள் உயர்ந்து நிற்கின்றன. அவற்றுள் அகூங் மலை 1963ஆம் ஆண்டு சீறிப் பெருஞ்சேதம் விளைவித்தது. பழைய எரிமலை வாய்களில் பத்தூர், பிராத்தான், புயான், தம்பிளிங்ஙான் என்னும் ஏரிகள் அமைந்துள்ளன. மலையில் பெய்யும் மழை மண்ணுள் இறங்கி, ஊற்றாகவும் ஓடையாகவும் வெளிப்படுகிறது. ஆனால் ஆறுகள் மென்பாறையை ஆழமாக அறுத்துக்கொண்டு பள்ளத்தாக்கின் அடியில் ஓடுகின்றன; வயல்களோ மேட்டுச் சரிவில் உள்ளன. ஆதலின் உழவர்கள் மேலே வெகு தொலைவில் சிற்றணை கட்டி, நீரைத் திருப்பி, பாறையைக் குடைந்து சுரங்க வாய்க்கால் அமைத்து வயலுக்குக் கொணர்கின்றனர். சுரங்கம் வெட்டும் தொழிலாளரைப் பற்றிய குறிப்பு 9ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த சாசனத்திலேயே காணப்படுகிறது. நம் நாட்டில் உத்தரமேரூர்க் கல்வெட்டு 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏரி வாரியத்தைப் பற்றிக் கூறுவதை இதனுடன் ஒப்பிட்டு எண்ணுக. கடலுக்கு இருபுறத்தும் வாழ்ந்த மக்கள் ஒரே காலத்தில், நீரை ஆள்வது ஊரார் கூடிச் செய்யும் செயல் என்று உணர்ந்திருந்தனர்.

சுபாக் என்பது யாது?

ஒரே நீர்மூலத்திலிருந்து பாசனம் பெறும் நஞ்சை நிலங்களின் உழவர்கள் சேர்ந்த சங்கத்திற்குச் ‘சுபாக்’ என்று பெயர். இச்சொல்லின் பழைய வடிவம் 11ஆம் நூற்றாண்டுச் சாசனங்களில் வருகிறது. இன்று தீவில் சுமார் 1,200 சுபாக்குகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் 50 முதல் 400 உழவர்கள் வரை இருக்கின்றனர். 2012ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் இம்முறையை உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்றது. அதே ஆண்டில் பாலி மாநில அரசும் சுபாக்குகளுக்கெனத் தனிச் சட்டம் ஒன்றை இயற்றியது.

இச்சங்கத்தின் அமைப்பில் மூன்று செய்திகள் நம் கருத்தைக் கவர்ந்தன.

முதலாவது, சங்கத்தின் எல்லை ஊரின் எல்லை அன்று, நீரின் எல்லை. ஒருவர் எந்த ஊரில் குடியிருப்பினும், அவருடைய வயல் எந்த வாய்க்காலில் பாய்கிறதோ அந்தச் சுபாக்கில் அவர் உறுப்பினர். இரு வாய்க்கால்களில் நிலம் உடையவர் இரு சங்கங்களில் உறுப்பினர்.

இரண்டாவது, கூட்டத்தில் நிலத்தின் அளவு பேசுவதில்லை. பெரிய நிலக்காரராயினும் சிறிய நிலக்காரராயினும் ஒருவருக்கு ஒரு வாக்கு. பிறப்பின் உயர்வு தாழ்வும் அங்குக் கணக்கில் இல்லை. தலைவரைப் ‘பெக்காசே’ என்று அழைக்கின்றனர். அவரை உறுப்பினரே தேர்ந்தெடுக்கின்றனர்.

மூன்றாவது, விதிகள் எழுத்தில் உள்ளன. ‘அவிக்-அவிக்’ எனப்படும் அவ்விதித் தொகுப்பில், நீரைத் திருடினால் என்ன தண்டம், வாய்க்கால் தூர்வாரும் பணிக்கு வராதவர் என்ன செலுத்த வேண்டும், மாடு மேய்ந்தால் யார் பொறுப்பு என்பன போன்றவை வரையறுக்கப்பட்டுள்ளன. பணிக்கு வர இயலாதவர் அதற்கீடாகப் பொருள் செலுத்தலாம். ஆனால் இரண்டும் செய்யாதிருத்தல் இயலாது. நம் குடிமராமத்து முறையின் உயிர்நிலையும் இதுவே என்பதை மூத்த உழவர்கள் அறிவர்.

நீரைப் பங்கிடும் முறை

தபானான் மாவட்டத்தில் பத்துக்காரு மலையடிவாரத்தில் ஜத்திலுவே என்னும் ஊர் உள்ளது. படிப்படியாக இறங்கும் அவ்வூர் வயல்களில் நீண்ட காலச் செந்நெல் இன்றும் பயிராகிறது. ஒரு காலையில் அங்குள்ள பெக்காசே எங்களை வாய்க்கால் ஓரமாக அழைத்துச் சென்றார். ஓரிடத்தில் வாய்க்காலின் குறுக்கே ஒரு தடுப்பு இருந்தது. அதன் மேல்விளிம்பில் ஒரே ஆழத்தில் இரு வெட்டுகள். ஒன்று மற்றதைப்போல இருமடங்கு அகலம். நீர் அவ்வழியே இரண்டுக்கு ஒன்று என்னும் விகிதத்தில் பிரிந்து ஓடியது.

அக்காட்சியைக் கண்டதும் நான் நடப்பதை நிறுத்திவிட்டேன். எங்கள் கண்மாயில் நாங்கள் பெயர்த்தெறிந்த கல்லின் பொருள் அப்பொழுதுதான் எனக்கு விளங்கிற்று.

இவ்வமைப்பை அவர்கள் ‘தெம்புக்கு’ என்கின்றனர். முன்பு மரத்தாலும் கல்லாலும் செய்தனர். இப்பொழுது சிமெண்டாலும் செய்கின்றனர். ஒவ்வோர் உறுப்பினருக்கும் உரிய நீர்ப்பங்கினைத் ‘தெனா’ என்னும் அளவால் குறிக்கின்றனர். அது விதையின் அளவை அடிப்படையாகக் கொண்டு எழுந்த அளவு. நம் ஊர்களில் ‘ஒரு மரக்கால் விதைப்பாடு’, ‘ஒரு கோட்டை விதைப்பாடு’ என்று நிலத்தை அளந்த வழக்கம் இதற்கு நெருங்கிய உறவு.

இம்முறையின் சிறப்பு யாது? வாய்க்காலில் நீர் பெருகினால் இருவருக்கும் பெருகும். குறைந்தால் இருவருக்கும் அதே விகிதத்தில் குறையும். திறக்கவும் மூடவும் ஆள் வேண்டுவதில்லை. சாவி வைத்திருப்பவரின் தயவும் வேண்டுவதில்லை. எழுத்தறியாதவரும் வரப்பில் நின்று தம் பங்கு சரியாக வருகிறதா என்று கண்ணால் கண்டு கூறலாம். யாரேனும் ஒரு கல்லை வைத்து அடைத்தால், அது ஊரறிந்த செய்தியாகிவிடும். நீர் மிகவும் வேண்டியவர் அண்டை வயலாரின் இசைவுடன் அவர் பங்கைச் சில நாட்களுக்குக் கடன் பெறுவதும் உண்டு. ஆக, கட்டமைப்பு நேர்மையைக் காக்கிறது. நட்பு அதற்கு நெகிழ்வைத் தருகிறது.

தலைமடையார் ஏன் விட்டுக்கொடுக்கிறார்?

ஆயினும் ஓர் ஐயம் எஞ்சி நின்றது. வெட்டுமரம் எவ்வளவு நேர்மையானதாயினும், தலைமடையார் மனம் வைத்தால் அதனை ஒரே இரவில் மாற்றிவிடலாமன்றோ? அவர் ஏன் அவ்வாறு செய்வதில்லை? மேட்டு வயலில் களை பறித்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவரை, மொழிபெயர்ப்பாளர் வாயிலாகக் கேட்டேன்.

“ஐயா, நீர் முதலில் தங்கள் வயலுக்குத்தான் வருகிறது. கீழே உள்ளவர்களுக்காகத் தாங்கள் ஏன் காத்திருக்க வேண்டும்?”

அவர் சிரித்துவிட்டுச் சொன்னார்: “நான் என் விருப்பப்படி முந்தி நட்டால், நான் அறுக்கும்போது அவர் வயல் பச்சையாக இருக்கும். என் வயலில் இருந்த பூச்சி எல்லாம் அங்கே போய்ப் பெருகும். அடுத்த நடவில் திரும்பி என் வயலுக்கே வரும். தண்ணீர்தான் மேலிருந்து கீழே போகும். பூச்சிக்கு மேடும் பள்ளமும் ஒன்றுதான்.”

இம்மறுமொழியில் சுபாக் முறையின் அடிப்படை அடங்கியுள்ளது. கடைமடையார் அஞ்சுவது வறட்சியை. தலைமடையார் அஞ்சுவது பூச்சியை. ஒருவருடைய அச்சத்தை நீக்கும் திறன் மற்றவர் கையில் இருக்கிறது. தலைமடையார் நீர் விட்டால்தான் கடைமடையார் உரிய காலத்தில் நட இயலும். கடைமடையார் உரிய காலத்தில் நட்டு, உரிய காலத்தில் அறுத்து, வயலைத் தரிசாக விட்டால்தான் பூச்சி உணவின்றி மடியும். ஆதலின் விட்டுக்கொடுத்தல் என்பது அங்கு ஈகையன்று. இருவருக்கும் ஊதியம் தரும் உடன்படிக்கை.

இவ்வுடன்படிக்கையை நடத்தி வைப்பவை அங்குள்ள நீர்க் கோயில்கள். வாய்க்கால் தலைப்பில் ஒரு கோயில், பல சுபாக்குகளுக்குப் பொதுவாக ஒரு கோயில், அனைத்துக்கும் மேலாகப் பத்தூர் ஏரியின் தெய்வமாகிய தேவி தானுவின் கோயில் என்று அவை படிநிலையில் அமைந்துள்ளன. பத்தூர்க் கோயிலுக்கு இருநூறுக்கும் மேற்பட்ட சுபாக்குகள் காணிக்கை செலுத்துகின்றன. பொதுக் கோயிலில் கூடும் பிரதிநிதிகள், எந்தச் சுபாக் எப்பொழுது நீர் திறப்பது, எப்பொழுது நடுவது, எப்பொழுது தரிசு விடுவது என்று முடிவு செய்கின்றனர். 210 நாட்கள் கொண்ட அவர்களுடைய பஞ்சாங்கம் இதற்குத் துணை செய்கிறது. அறுவடை முடிந்ததும் வயலில் நீர் தேக்கி வாத்துகளை ஓட்டி விடுகின்றனர். அவை சிந்திய நெல்லையும் பூச்சியையும் தின்று, எருவும் இடுகின்றன.

புதிய நெல்லும் புதிய துன்பமும்

1960களின் இறுதியிலும் 1970களிலும் இந்தோனேசிய அரசு உணவுப் பஞ்சத்தை நீக்கப் பெருமுயற்சி மேற்கொண்டது. குறுகிய கால உயர் விளைச்சல் நெல், இரசாயன உரம், பூச்சிமருந்து ஆகியவை கடனுதவியுடன் உழவர்க்கு வழங்கப்பட்டன. இம்முயற்சியின் நோக்கம் நன்று. அந்நாடு 1984ஆம் ஆண்டில் அரிசியில் தன்னிறைவு எய்தியதற்கு இதுவும் காரணம் என்பதை மறுத்தல் ஆகாது.

ஆனால் பாலித் தீவில் ஒரு தவறு நேர்ந்தது. புதிய நெல் விரைவில் விளைவதால், உழவர் தத்தம் விருப்பப்படி ஓயாது நட வேண்டும் என்று ஊக்குவிக்கப்பட்டனர். கோயில்களில் கூடி நாள் குறிக்கும் வழக்கம் வெறும் சமயச் சடங்கு என்று கருதப்பட்டது. பல இடங்களில் அம்முறை தளர்ந்தது. முதற் சில பருவங்களில் விளைச்சல் பெருகிற்று. அதன் பின்னர் நீர்ப் பங்கீட்டில் குழப்பம் தோன்றிற்று. அதனையடுத்துப் புகையான் வந்தது.

புகையானை நம் உழவர் நன்கறிவர். தூரின் அடியில் திரண்டு சாற்றை உறிஞ்சி, வட்டம் வட்டமாகப் பயிரைத் தீய்ந்தது போலாக்கும் அப்பூச்சி, நெற்பயிரை அன்றிப் பிறிதொன்றை நம்பி வாழ்வதில்லை. ஏறத்தாழ ஒரு மாதத்தில் ஒரு தலைமுறை முடியும். ஆண்டு முழுவதும் எங்கேனும் ஒரு வயல் பச்சையாக இருக்குமாயின் அதற்குப் பஞ்சம் என்பதே இல்லை. முதலில் தரப்பட்ட நெல் இரகம் புகையானுக்குத் தாழ்ந்தது. அதனைத் தாங்கும் இரகம் தரப்பட்டது. பின்னர்ப் பச்சைத் தத்துப்பூச்சி பரப்பும் துங்ரோ நோய் வந்தது. அதற்கு வேறோர் இரகம் தேட வேண்டியதாயிற்று. தெளித்த மருந்தோ புகையானைத் தின்னும் சிலந்திகளையும் சேர்த்துக் கொன்றது. எனவே மருந்து மிகுந்த வயலிலேயே பூச்சியும் மிகுந்தது.

1986ஆம் ஆண்டு நவம்பரில் இந்தோனேசியக் குடியரசுத் தலைவர் சுகார்த்தோ, நெல்லுக்குப் பயன்பட்ட 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்து ஆணை பிறப்பித்தார். 1989 முதல் உழவர் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கப்பட்டன. அவற்றில் உழவர்கள் வாரந்தோறும் வயலில் இறங்கி, நன்மை செய்யும் பூச்சி எது, தீமை செய்வது எது என்று எண்ணிப் பார்த்துத் தாமே முடிவு செய்யக் கற்றனர்.

கதவுகள் பெற்ற கதி

1979ஆம் ஆண்டு ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனுதவியுடன் பாலியில் ஒரு பெரிய பாசனத் திட்டம் தொடங்கப்பட்டது. பழைய அணைகள் சிமெண்டால் புதுப்பிக்கப்பட்டன. பல இடங்களில் நீரைக் கட்டுப்படுத்த இரும்புக் கதவுகள் பொருத்தப்பட்டன. திட்டமிட்ட பொறியாளர்கள் திறமை மிக்கோர், கணக்கில் குறையில்லை. எனினும் பல சுபாக்குகளின் உழவர்கள் அக்கதவுகளைத் தூக்கி நிறுத்திவிட்டு, பழைய வெட்டு முறைக்கே திரும்பினர். வங்கியின் மதிப்பீட்டு அறிக்கையே, மரபுமுறையின் நன்மைகளை உணராமற் போனதால் இழப்பு மிகுதி என்பதை 1988இல் ஒப்புக்கொண்டது.

தன் பிழையைத் தானே எழுதி வைக்கும் துணிவு ஒரு பெரிய நிறுவனத்திற்கு இருந்தது என்பதை அறிந்தபோது, ஒரு சிறிய கண்மாயில் நேர்ந்த பிழையை நான் மறைத்துப் பயனில்லை என்று தோன்றிற்று. நாங்கள் கதவு அமைத்தபோது கூட்டம் போட்டோம். ஆனால் அக்கூட்டத்தில் கடைமடையார் எத்தனை பேர் இருந்தனர் என்று எண்ணவில்லை. நீர்க்கட்டியாகப் பல்லாண்டு பணி செய்த முதியவர், “அந்தக் கல்லை எடுக்காதீர்கள் ஐயா” என்று சொன்னார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

ஆராய்ச்சி காட்டிய உண்மை

ஸ்டீபன் லான்சிங் என்னும் அமெரிக்க மானிடவியல் அறிஞர் பல்லாண்டுகள் பாலியில் தங்கி இம்முறையை ஆராய்ந்தார். அவரும் சூழலியல் அறிஞர் ஜேம்ஸ் கிரெமரும் சேர்ந்து, இரண்டு ஆறுகளின் பாசனத்திலுள்ள 172 சுபாக்குகளின் நீர், மழை, பயிர், பூச்சி ஆகியவற்றைக் கணிப்பொறியில் கணக்கிட்டனர். முடிவு கவனத்திற்குரியது.

ஒவ்வொரு சங்கமும் தன் விருப்பப்படி நட்டால் பூச்சி மிகுகிறது. எல்லாச் சங்கங்களும் ஒரே நாளில் நட்டால் பூச்சி குறைகிறது; ஆனால் உழவுக்கும் நடவுக்கும் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் நீர் தேவைப்படுவதால் தட்டுப்பாடு ஏற்படுகிறது. அண்டையிலுள்ள சங்கங்கள் சிறு சிறு குழுக்களாகச் சேர்ந்து, குழுவிற்குள் ஒன்றாகவும், குழுவுக்குக் குழு முறைவைத்தும் நட்டால் நீரும் போதுகிறது, பூச்சியும் அடங்குகிறது, விளைச்சலும் மிகுகிறது. கோயில்கள் வகுத்திருந்த ஒழுங்கு ஏறத்தாழ இதுவே. மக்கள் பல நூற்றாண்டுப் பட்டறிவால் கண்டதைக் கணிப்பொறி உறுதி செய்தது.

லான்சிங் குழுவினர் உரத்தைப் பற்றியும் ஓர் உண்மையைக் கண்டனர். எரிமலை மண்ணில் ஊறிவரும் பாசன நீரிலேயே மணிச்சத்தும் சாம்பல் சத்தும் இயற்கையாகக் கலந்திருக்கின்றன. அதனை அறியாது அதே சத்துகளை விலைகொடுத்து வாங்கி இட்டதால், மிகுதி உரம் வாய்க்கால் வழியே கடலில் கலந்து பவளப் பாறைகளுக்கு ஊறு விளைவித்தது. மண்ணையும் நீரையும் ஆய்ந்து பாராமல் உரமிடுதல் பொருளிழப்பே என்பதற்கு இஃது ஒரு சான்று.

குறைகளும் உள

பாலியில் எல்லாம் நன்மையே என்று கூறுவது உண்மைக்கு மாறாகும். சுற்றுலாப் பெருக்கத்தால் வயல்கள் விடுதிகளாகவும் கடைகளாகவும் மாறி வருகின்றன. ஒரு வாய்க்காலின் நடுவே கட்டடம் எழுந்தால், கீழேயுள்ள வயல்கள் எல்லாம் நீரிழக்கின்றன. இளைஞர் பலர் உழவை விட்டு நகரத்து வேலைகளை நாடுகின்றனர். அன்று நாங்கள் சென்ற வயலில் ஐம்பது வயதுக்குக் குறைந்தவரைக் காணவில்லை. சங்கம் எவ்வளவு வலிமையுடையதாயினும், நிலம் குறைந்து உழவர் குறைந்தால் அது நிலைபெறுதல் அரிது.

மேலும், அங்குள்ள ஓடைகள் பல ஆண்டு முழுவதும் ஓடுபவை. நம் மாநிலத்தில் உள்ள சுமார் 39,000 ஏரிகளும் கண்மாய்களும் பெரும்பாலும் பருவமழையை நம்பியவை. ஆகவே பாலி முறையை அப்படியே பெயர்த்து நடுதல் பொருந்தாது. அவர்களுடைய கோயிலும் பஞ்சாங்கமும் அவர்களுக்கு உரியவை. நாம் கொள்ள வேண்டியது அவற்றின் அடியிலுள்ள கருத்து.

நமக்குரிய பாடம்

நம் மாநிலத்தில் 2000ஆம் ஆண்டின் பாசன அமைப்பு முறைகளை உழவர்கள் மேலாண்மை செய்வதற்கான சட்டம் நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களுக்கு இடமளித்துள்ளது. சட்டம் வழியைத் திறக்கும். அவ்வழியில் நடக்க வேண்டியவர்கள் நாமே. ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கீழ்க்காணும் செயல்களைத் தம் ஊரில் மேற்கொள்ளலாம்.

1. ஆயக்கட்டில் நிலமுடையோர் அனைவரின் பட்டியலையும் மடை வாரியாக எழுதுக. வெளியூரில் குடியிருப்போரும், குத்தகைக்கு உழுவோரும் விடுபடலாகாது.

2. நாற்றங்கால் விடுமுன் ஒரு கூட்டம் கூட்டுக. அதில் கடைமடையார் முதலில் பேசட்டும். கண்மாயில் உள்ள நீரின் அளவை அளவுகோலில் பார்த்து, எத்தனை ஏக்கருக்குப் போதும் என்று முடிவு செய்க.

3. ஒவ்வொரு மடையின் கீழும் நடவு நாளைக் குறிப்பிட்ட சில நாட்களுக்குள் அடக்குக. மடைக்கு மடை முறைவைக்கலாம். ஒரே மடைக்குள் சிதறி நடுதல் கூடாது.

4. அறுவடைக்குப் பின் அனைவரும் ஒரே காலத்தில் வயலை நெல்லின்றி விடுக. பயறு, உளுந்து போன்றவற்றை விதைப்பின் மண்ணும் வளம் பெறும். புகையானும் பட்டினியால் அழியும்.

5. பழைய பங்கீட்டுக் கற்களையும் மடைகளையும் மாற்றுமுன், அவை ஏன் அவ்வாறு அமைந்தன என்று நீர்க்கட்டிகளையும் முதியோரையும் கேட்டு எழுதி வைக்குக. இரும்புக் கதவு தேவைப்படும் இடமும் உண்டு. வெட்டுக்கல் போதுமான இடமும் உண்டு.

6. விதிகளை எளிய தமிழில் எழுதி, ஊராட்சி அலுவலகச் சுவரில் அனைவரும் படிக்குமாறு ஒட்டுக. தண்டம் சிறிதாயினும் அனைவர்க்கும் ஒன்றாக இருத்தல் வேண்டும்.

7. மண் ஆய்வு செய்த பின்னரே உரமிடுக. தழைச்சத்தை அளவுக்கு மீறி இடுதல் புகையானை அழைத்துக் கொள்வதற்கு ஒப்பாகும்.

அடுத்த ஊர்க் கூட்டத்தில் உறுப்பினர்கள் மூன்று வினாக்களை எழுப்பி ஆராய்வார்களாக. நம் கண்மாயில் கடைசி வயலுக்கு நீர் சென்றடைய எத்தனை நாட்களாகின்றன? சென்ற ஆண்டு நம் மடையின் கீழ் முதல் நடவுக்கும் இறுதி நடவுக்கும் இடையே எத்தனை நாட்கள் கழிந்தன? மதகின் சாவி யாரிடம் உள்ளது, அவரை அமர்த்தியவர் யார்? இம்மூன்றுக்கும் விடை தெரிந்தால் பாதி வழக்குகள் தீர்ந்துவிடும்.

ஊர் திரும்பிய பின் நான் அந்தப் பழைய கண்மாய்க்குச் சென்றேன். நீர்க்கட்டி முதியவர் காலமாகிவிட்டார். அவருடைய மகன் என்னைக் கரையோரப் புதருக்கு அழைத்துச் சென்றார். பெயர்த்தெறிந்த பலகைக்கல் அங்கே கவிழ்ந்து கிடந்தது. “அப்பா இதை விற்க விடவில்லை ஐயா, என்றைக்காவது கேட்டு வருவார்கள் என்று சொல்லுவார்” என்றார். கல்லைப் புரட்டிப் பார்த்தோம். இரு வெட்டுகளும் குறையின்றி இருந்தன. கயிறு பிடித்து அளந்தபோது, அவற்றின் அகலம் இரு பக்கத்து ஆயக்கட்டின் அளவோடு பொருந்தியிருந்தது.

தலைமடையாரும் கடைமடையாரும் ஊராட்சி மன்றத்தில் ஒருநாள் மாலை அமர்ந்தனர். பேச்சு எளிதாக இல்லை. பழைய காய்ப்புகள் பல இருந்தன. நீர்ப் பங்கீட்டைப் பற்றிப் பேசியவரை இரு தரப்பும் இசையவில்லை. புகையானைப் பற்றிப் பேச்சு எழுந்தபோதுதான், முந்தைய பருவத்தில் தலைமடையிலும் பெருஞ்சேதம் ஏற்பட்டதை அவர்களே எடுத்துரைத்தனர். நடவு நாளைச் சேர்ந்து குறிப்பதென ஒரு பருவத்திற்கு மட்டும் உடன்பட்டனர். கல்லை மீண்டும் அதன் இடத்தில் பதிப்பதைப் பற்றி அடுத்த கூட்டத்தில் முடிவு செய்வதாகக் கூறிக் கலைந்தனர். ஒரு பருவம் என்பது சிறிது; ஆயினும் பல ஆண்டுகளாக ஒரே பாயில் அமராதவர்கள் அமர்ந்தனர் என்பது பெரிது.

நீர் மேட்டிலிருந்து பள்ளத்திற்கு ஓடுவது இயற்கை. நன்மை அவ்வாறே கடைசி வயல் வரை சென்றடைவது மக்கள் கூடிச் செய்யும் முயற்சியால் ஆவது. அம்முயற்சியை நம் ஊர்களில் தொடங்கும் பொறுப்பு ஊராட்சி உறுப்பினர்களைச் சார்ந்தது. வரும் பருவத்து நாற்றங்காலுக்கு முன் தத்தம் ஊர்களில் இக்கூட்டத்தைக் கூட்டுவார்களாக.